திடீர்ப் பேச்சு விளையாட்டுகள்: முன்தயாரிப்புடன் எழுதப்பட்ட ஓர் ஆய்வு

1. வரையறை

திடீர்ப் பேச்சு விளையாட்டு என்பது, தலைப்பைக் கடைசி நொடியில் சொல்லி, ஒருவரை யோசிப்பதற்கு முன்பே பேசவைக்கும் கலை. யோசிக்காமல் பேசுவது மனித குலத்துக்குப் புதிதன்று; டீக்கடைகளிலும் சம்பந்தி வீடுகளிலும் அது நாள்தோறும் நடக்கிறது. அங்கெல்லாம் இல்லாத மூன்று உறுப்புகள் பேச்சு மன்றத்தில் உண்டு. அவை தலைப்பு, கடிகாரம், கைதட்டல். இவற்றுள் தலைப்பு இல்லாவிட்டால் அது அரட்டை. கடிகாரம் இல்லாவிட்டால் பொதுக்கூட்டம். கைதட்டல் இல்லாவிட்டால் குடும்பம்.

2. தோற்றமும் பரவலும்

இக்கலைக்கு இன்றைய வடிவம் தந்தது டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம். ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சாண்டா அனா நகரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் அடித்தளத்தில் இதைத் தொடங்கினார். பேசிப் பழகுவதற்கு நிலத்தடியைத் தேர்ந்தது இடவசதியாலா, அக்கம்பக்கத்தார் மீது கொண்ட கருணையாலா என்பதில் இரு கொள்கைகளுக்கு இடமுண்டு. மன்றக் கூட்டத்தில் 'டேபிள் டாபிக்ஸ்' என்ற பகுதியே திடீர்ப் பேச்சுக்கு உரியது. தமிழில் நடக்கும் மன்றங்களிலும் இது உண்டு.

பிரிட்டனில் இயன் மெசிட்டர் உருவாக்கிய 'ஜஸ்ட் எ மினிட்' என்னும் பிபிசி வானொலி நிகழ்ச்சி 1967-இல் தொடங்கியது. கொடுத்த தலைப்பில் 60 நொடி பேச வேண்டும். தயங்கக் கூடாது, சொன்னதைத் திரும்பச் சொல்லக் கூடாது, தலைப்பை விட்டு விலகக் கூடாது. இம்மூன்றில் இரண்டை, கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் என்ற பெயர்களில் பவணந்தி முனிவரின் நன்னூல் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே குற்றமாகப் பதிவு செய்துவிட்டது. தயக்கத்தை மட்டும் அது விட்டுவிட்டது. அன்றைய புலவர்களுக்குத் தயக்கம் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஒரே நேரத்தில் பலவற்றைக் கவனித்து விடைசொல்லும் கவனகக் கலையும் இதற்கு உறவே. தெலுங்கு அஷ்டாவதானத்தில் கவி பாடிக்கொண்டிருக்கும்போதே தொடர்பில்லாத கேள்விகளால் அவரைக் கலைப்பதற்கென்று ஒருவர் அமர்த்தப்படுவார். தமிழகத்தில் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் நூறு கவனகங்களை ஒருங்கே நிகழ்த்திக் காட்டி 'சதாவதானி' ஆனார். இன்றைய மன்ற உறுப்பினர் ஒரே ஒரு கேள்வியைக் கவனித்தால் போதும். அதுவே பெரும்பாடாக இருப்பது கலையின் தேய்வைக் காட்டுகிறது.

3. அவையின் உறுப்புகள்

தலைப்பு வழங்குபவர், நேரங்காட்டி, பேச்சில் வரும் 'ஆ' போன்ற இழுவைகளை எண்ணும் ஆ-எண்ணி என மூவர் இன்றியமையாதவர்கள். தலைப்பு வழங்குபவர் புன்னகையுடன் அவையைச் சுற்றிப் பார்க்கும்போது உறுப்பினர்கள் அனைவரும் குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடுவர். பெயர் அழைக்கப்பட்டவர் இருக்கையிலிருந்து மேடைவரை நடக்கும் நேரமே அவருடைய முழுத் தயாரிப்புக் காலம். ஆகவே கடைசி வரிசையில் அமர்பவருக்கு முதல் வரிசைக்காரரைவிடச் சிந்தனை வளம் அதிகம். இது பின்வரிசை விதி எனப்படும். பள்ளிக்கூடங்களில் இவ்விதி நேர்மாறாகச் சொல்லிக்கொடுக்கப்பட்டதால் பலர் முன்வரிசையில் அமர்ந்து வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டனர்.

4. வகைப்பாடு

அ) சீட்டு வகை: குலுக்கிய சீட்டில் வந்ததைப் பேசுவது. "உங்கள் செருப்புக்கு வாய் இருந்தால் என்ன பேசும்?" என்பது இவ்வகையின் தரமான வினா. பேசியவர்களைவிடச் செருப்புகள் நிதானமாகப் பேசியிருக்கும் என்பதே அவையின் பொதுக் கருத்து.

ஆ) விற்பனை வகை: ஓட்டைக் குடை, ஒற்றைக் காலுறை, போன வருடத்துக் காலண்டர் இவற்றுள் ஒன்றைக் கையில் கொடுத்து விற்கச் சொல்வது. காலண்டர் கிடைத்தவர் "பழைய நாட்களைத் திரும்ப வாழலாம்" என்பார். வாங்க ஆளில்லாவிட்டாலும் கைதட்ட ஆளுண்டு.

இ) தொடர்கதை வகை: ஒருவர் தொடங்கிய கதையை அடுத்தவர் "நல்லவேளையாக" என்றும், அதற்கடுத்தவர் "துரதிர்ஷ்டவசமாக" என்றும் தொடர்வது. நாயகன் மூன்றாவது ஆளிடம் வரும்போது கிணற்றில் கிடப்பான். நான்காவது ஆள் அவனைத் தூக்கிவிடுவார். ஐந்தாவது ஆள் மறுபடியும் தள்ளிவிடுவார்.

ஈ) கட்சி மாறும் வகை: மணி அடித்ததும், அதுவரை ஆதரித்ததை எதிர்க்க வேண்டும். பட்டிமன்றத்துக்கு ஆறு பேச்சாளரும் ஒரு நடுவரும் தேவைப்படும் இடத்தில் இங்கே ஒருவரே போதும் என்பதால் பயணப்படியும் பொன்னாடையும் மிச்சம். அரசியலில் நெடுநாள் இருந்தவர்கள் இவ்வகையில் மணி அடிக்கும் முன்பே மாறிவிடுவதால் போட்டியில் சேர்க்கத் தகாதவர்கள்.

உ) விலக்கு வகை: ஒரு சொல்லையோ எழுத்தையோ தவிர்த்துப் பேசுவது. இதழ் குவியும், ஒட்டும் எழுத்துகளை நீக்கித் துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி பாடினார். இன்றைய வடிவில் விலக்கப்படுவது ஆங்கிலம். "ஆக்சுவலி" என்று தொடங்கியே பலர் முதல் நொடியில் ஆட்டமிழக்கின்றனர். அதற்கு "சாரி" சொல்லி இரண்டாம் முறையும் இழக்கின்றனர்.

5. தப்பித்தல் இலக்கணம்

கொடுத்த தலைப்புக்கும் பேச்சாளருக்குத் தெரிந்த விஷயத்துக்கும் இடையே பாலம் கட்டுவதே இக்கலையின் உயிர்நாடி. பசுவைப் பற்றி மட்டும் படித்துவந்த மாணவன், தென்னை மரத்தைப் பற்றி எழுதச் சொன்னபோது மரத்தை இரண்டு வரியில் நட்டுவிட்டுப் பசுவை அதில் கட்டிய கதை தமிழுலகம் அறிந்தது. இதைப் பசுக்கட்டு உத்தி எனலாம். ஒவ்வோர் உறுப்பினரிடமும் சொந்தமாக ஒரு பசு உண்டு. ஒருவருக்கு அது அப்துல் கலாம். இன்னொருவருக்கு அம்மாவின் தியாகம். மற்றொருவருக்கு முதல் நேர்முகத் தேர்வு. தலைப்பு 'நிலாவில் ஓர் இட்லிக் கடை' என்றாலும் அறுபதாவது நொடிக்குள் பசு வந்து சேர்ந்துவிடும். நன்னூலார் மற்றொன்று விரித்தலைக் குற்றம் என்றது நூலுக்கு. மேடையில் அது முதலுதவி.

நன்னூலின் பத்துக் குற்றங்களில் எஞ்சியவையும் இவ்வாறே பயன்படுகின்றன. விஷயம் இல்லாதபோது மிகைபடக் கூறலும், அது தீர்ந்தபோது கூறியது கூறலும் கைகொடுக்கின்றன. முடிக்கத் தெரியாதவருக்குச் சென்று தேய்ந்து இறுதல் உண்டு. எதுவுமே நினைவுக்கு வராமல் நிற்பவரின் நிலை, நின்று பயனின்மை.

6. இழுவைச் சொற்கள்

சிந்தனை வந்து சேரும்வரை வாயைத் திறந்து வைத்திருக்க உதவுபவை இழுவைச் சொற்கள். ஆங்கிலத்தில் 'அ' வகை இழுவைக்குப் பின் சிறு தாமதமும், 'அம்' வகைக்குப் பின் நெடிய தாமதமும் வருவதாக ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். தமிழ் இழுவைகள் இன்னும் நுட்பமானவை. "வந்து" என்றால் எதுவும் வரவில்லை என்று பொருள். "அதாவது" என்றால் எதுவென்று தேடுகிறார். "பார்த்தீங்கன்னா" என்றால் பார்க்க ஒன்றுமில்லை. "என்ன சொல்ல வர்றேன்னா" என்பது, அவையோர் கேட்க வேண்டிய கேள்வியைப் பேச்சாளரே கேட்டுவிடுவது. ஆ-எண்ணி இவற்றையெல்லாம் கோடு போட்டு எண்ணி, கூட்ட முடிவில் அறிக்கையாக வாசிப்பார். அந்த அறிக்கையில் அவருடைய "வந்து"களை எண்ணுவதற்கு எந்த மன்றமும் ஆள் நியமித்ததில்லை.

7. கால அளவும் பரிந்துரையும்

டேபிள் டாபிக்ஸில் ஒரு நிமிடத்தில் பச்சை விளக்கு, ஒன்றரை நிமிடத்தில் மஞ்சள், இரண்டு நிமிடத்தில் சிவப்பு. போட்டியில் ஒரு நிமிடத்துக்குக் குறைந்தாலும் இரண்டரை நிமிடத்தைக் கடந்தாலும் தகுதி இழப்பு. மேடையில் வீற்றிருப்போரைப் பெயர், பட்டம், பதவியுடன் விளித்து முடிக்கவே இந்த நேரம் போதாது என்பதால், தமிழ் மரபின் அவை வணக்கம் இங்கே இயற்கையாகவே அழிந்துவிட்டது. இதுவே இவ்விளையாட்டின் முதற்பயன்.

பச்சை விளக்கு பேச்சாளருக்கு நிம்மதி தருகிறது, மஞ்சள் அவருக்கு நினைவூட்டுகிறது, சிவப்பு மட்டுமே அவையோருக்கு உதவுகிறது. ஆகவே திருமண வரவேற்பு, புத்தக வெளியீடு, பள்ளி ஆண்டு விழா ஆகிய மூன்றிலும், குறிப்பாக "நேரமின்மை காரணமாக இரண்டே வார்த்தை" என்று தொடங்குவோர் முன்னிலையில், சிவப்பு விளக்கைக் கட்டாயமாகப் பொருத்த வேண்டும் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. நன்றியுரையாளருக்கு இரண்டு விளக்குகள் தேவைப்படும்.