காதுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர்

வாசகர், சுங்கை சிப்புட்: புதுக் கைப்பேசியில் ஹெட்ஃபோன் செருகும் ஓட்டையே இல்லை. விரல் நீள 'டாக்' ஒன்றை ஈப்போவில் வாங்கி மாட்டினால் இளையராஜா இன்னும் இனிப்பாரா?

பதில்: ராஜா ஏற்கெனவே இனிப்பு, சர்க்கரை போட வேண்டாம். 2016-இல் ஐஃபோன் 7 அந்த ஓட்டையை அடைத்தது, பிறகு பல நிறுவனங்களும் அடைத்துக்கொண்டன. டாக் என்பது எண்களாக இருக்கும் பாட்டை மின் அலையாக மாற்றும் மொழிபெயர்ப்பாளர். மூலமே தேய்ந்த எம்பி3 என்றால் அவர் பாவம், என்ன செய்வார்? மடிக்கணினியில் இரைச்சல் கேட்கிறதா, அப்போது பலன் தெரியும். புளூடூத் ஹெட்ஃபோனுக்கு இது வேண்டாம். அதற்குள்ளேயே ஒன்று குடியிருக்கிறது. மலிவான சில செருகிகளில் டாக்கே கிடையாது, வெறும் கம்பிதான். காசு கொடுக்குமுன் கடையிலேயே உங்கள் போனில் செருகிக் கேளுங்கள்.