உறிஞ்சு, துப்பு, அப்புறம் பேசு

ஏப்பா அப்பு, பட்டணத்துல தேயிலை ருசி பாக்குற வகுப்புல சேந்துருக்கியாமில்ல? காசு கட்டித் தேத்தண்ணி குடிக்கப் படிக்கிறதுன்னா சும்மாவா! இளையாத்தங்குடியில இந்தப் படிப்புக்கு நீதான் மொத ஆளு. இந்தக் கெழவன் சொல்றதையும் ஒரு காதுல வாங்கி வச்சுக்க.

மொதல்ல உறிஞ்சப் பழகு. சத்தம் கைலாசநாதர் கோயில் வாசல் வரைக்கும் கேக்கணும். அப்பத்தா வைவா, வையட்டும். கரண்டியில எடுத்து வெடுக்குன்னு இழுத்தாத்தான் தேத்தண்ணி பொடிப்பொடியாத் தெறிச்சு, அதோட வாசன தொண்டைக்குப் பின்னால ஏறி மூக்கைத் தொடும். நாக்குக்குத் தெரிஞ்சது இனிப்பு, புளிப்பு, கசப்புன்னு கொஞ்சந்தான். பாக்கியெல்லாம் மூக்கோட வேல. குன்னூருல 1963-லருந்து தேயிலை ஏலம் நடக்குது. அங்க ருசி பாக்குறவுக வரிசையா நிக்கிற கோப்பைகளை இப்படித்தான் உறிஞ்சித் துப்பிக்கிட்டே போவாக. நீ துப்பாத. காசு குடுத்து வாங்குனதைத் துப்புனவன் கட நம்ம சீமையில உருப்பட்டதா வரலாறு இல்ல.

அளவும் இருக்கு. 100 மில்லி தண்ணிக்கு 2 கிராம் தூளு, 6 நிமிசம். உலகத் தர நிர்ணய அமைப்பு 1980-லயே ஐ.எஸ்.ஓ. 3103-ன்னு நம்பர் போட்டு எழுதி வச்சுருக்கு. பிரிட்டன்காரன் இதையே ஆறு பக்கத்துக்கு எழுதுனான். 1999-ல அவனுக்கு இக் நோபல்னு கேலிப் பரிசைக் குடுத்து அனுப்புனாக. நம்ம டீக்கட மாஸ்டரு ஆறு பக்கமும் படிக்கல, பரிசும் வாங்கல.

அடுத்தது பேச்சு. இதுல நீ கெட்டிக்காரன், எனக்குத் தெரியும். டார்ஜிலிங்குன்னா மஸ்கட் திராட்சைங்கிற, அசாமுன்னா மால்ட்டுங்கிற. அந்தத் திராட்சைய நீ என்னைக்குத் தின்ன? மால்ட்டுன்னா மொளகட்டி வறுத்த பார்லி. அப்பத்தா கேப்பைய மொளகட்ட வச்சு வறுக்கையில வீடு முச்சூடும் ஒரு வாசன அடிக்குமே, அதுக்குப் பங்காளி. அதச் சொன்னா வகுப்புல சிரிப்பாகன்னு மால்ட்டுங்கிற. சரி, பொழச்சுக்க.

அந்தத் திராட்ச வாசனைக்குக் காரணம் என்னன்னு சொன்னாகளா? தத்துப்பூச்சி! அது கொழுந்தக் கடிச்சு உறிஞ்சுதா, செடி தாங்கமாட்டாம உள்ள இருக்குற வாசனைய வெளிய விடுது. அதே சாதிப் பூச்சி நம்ம கத்திரிக்கா தோட்டத்துல விழுந்தா மருந்தடிக்கிறோம். அங்க வெல ஏத்துறாக.

இலங்கையில ஊவாப் பக்கம் ஆடி, ஆவணியில வறண்ட காத்து அடிக்கும். அந்தக் காத்துல வாடுன கொழுந்துல மீத்தைல் சாலிசிலேட் ஏறுமாம். அப்பத்தா முழங்காலுக்குத் தேய்க்கிற வலித் தைலத்துல இருக்குறதும் அதேதான். அவ தேய்ச்சா நாத்தம்னு தள்ளி ஒக்காருற. ஊவாக் கோப்பையில வந்தா கண்ண மூடி ஆகான்னுற. சீனாவுல வூயி மலைப் பக்கம் பைன் கட்டப் பொகையில காயவச்ச லாப்சாங் சூச்சோங்குன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குப் பொகைதான் மருவாதி. நீலகிரி ஃபாக்டரியில அடுப்பு ஒழுகித் தூளுல பொக ஏறுனா, ஏலத்துல வெல கீழ போயிரும்.

ஒண்ணு மட்டும் நெசமாச் சொல்றேன், கேட்டுக்க. பாலு ஊத்தாத நல்ல தேத்தண்ணியக் கண்ணாடிக் கிளாசுல ஊத்தி ஆற விடு. சுடச்சுட செப்புக் கம்பி நெறத்துல பளிச்சுன்னு இருக்கும். ஆற ஆறப் பால் விட்ட மாதிரி கலங்கும். கெட்டுப்போச்சுன்னு நீ கொல்லையில ஊத்திப்புடுவ. ஊத்தாத. சத்துள்ள தூளுல தியாஃப்ளேவினும் காஃபினும் சூடு எறங்கையில ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத்தான் அப்படிக் கலங்குது. வெவரம் தெரிஞ்சவுக அதப் பாத்துத்தான் வெல சொல்லுவாக. சுட வச்சா மறுபடி தெளிஞ்சிரும்.

கலங்காம, மேல மட்டும் ஆடை கணக்கா ஏடு படிஞ்சு நெறமும் மங்கியிருந்தா தேயிலையத் திட்டாத, தண்ணியப் பாரு. போர் தண்ணியில இருக்குற சுண்ணாம்பு பண்ற வேல அது. ஊருணித் தண்ணி, இல்லாட்டி மழையில புடிச்சு வச்ச தண்ணியில போடு. அதே தூளு வேற ஆளா வந்து நிக்கும்.

டீக்கட டஸ்ட்டுன்னா ஒனக்கு எளக்காரம். அது நசுக்கிக் கிழிச்சுச் சுருட்டுன சி.டி.சி. தூளு. நிமிசத்துல சாயம் எறங்கணும், அரைக்கிளாசு பாலுக்கு எதுத்து நிக்கணும், அதுக்குன்னே செஞ்சது. அதப் பாலில்லாமக் குடிச்சுப்புட்டு மூஞ்சியச் சுளிச்சா தப்பு ஓம்மேல. வாய் பிசுக்குன்னு இழுத்துக்கிட்டா டேனின் கீனின்னு அளக்காத. பச்ச வாழப்பூவக் கடிச்சவனுக்கு அதுக்குப் பேரு தெரியும், துவர்ப்பு. அம்புட்டுத்தான்.

தேயிலை நமக்குப் புதுசுன்னு வேற சொல்லிக்கிட்டுத் திரியாத. 1867-ல கண்டிக்கிட்ட லூல்கந்துரவுல ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டாரு. ரெண்டு வருசத்துல காப்பி இலையில துரு நோய் விழுந்துச்சு, தோட்டம் தோட்டமா தேயிலைக்கு மாறுனாக. கொழுந்து கிள்ளப் போனது ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துச் சனம்; பின்னால வந்தவுகள்ல நெறையப் பேரு மண்டபம் முகாம் வழியா கடல் தாண்டுனாக. கொழும்பு செட்டியார் தெருவுல பெட்டியடியில ஒக்காந்த நம்ம சீமைச் செட்டியாருமாரு ருசி பாத்தது வட்டிய. அதுக்கு மஸ்கட்டு, மால்ட்டுன்னு எதுவும் எழுத வேண்டியிருக்கல, பேரேடு போதுமா இருந்துச்சு.

அடுத்த தடவ வரையில அந்த வகுப்புத் தேயிலையில ஒரு அம்பது கிராம் பொட்டலத்தக் கொண்டா, ஊருணித் தண்ணியில போட்டுக் குடிப்போம். அது என்ன வெலன்னு நான் கேக்க மாட்டேன். அப்பத்தா கேப்பா. அதுக்கு மட்டும் பதில யோசிச்சுக்கிட்டு வா.