புறம்போக்கு

எங்களூர்க்காரர்கள் எதையும் அர்த்தம் இல்லாமல் விட்டுவைக்க மாட்டார்கள். யானை ஒன்று கோயிலை வலம் வந்தது, அதோடு போயிருக்கலாம். அதையே பேராக்கி, கரிவலம்வந்தநல்லூர் என்று பஸ் போர்டில் இடம் போதாத அளவுக்கு நீட்டிவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து நான் அர்த்தம் இல்லாத படம் போடுகிறேன்.

போடுகிறேன் என்பதைவிட ஒட்டுகிறேன் என்பது சரி. பிளைவுட் பலகை, அதன்மேல் பெவிகாலில் குழைத்த கரிசல் மண், கிழிந்த சாக்கு, தறிக்காரர் தூரப்போட்ட பாவு நூல், சிவகாசித் தீப்பெட்டி லேபிள், துருப்பிடித்த கீல். எல்லாவற்றுக்கும் மேலே அக்ரிலிக். கண்காட்சிகளில் இதற்குப் பக்கத்தில் ‘மிக்ஸட் மீடியா’ என்று சின்னச் சீட்டு இருக்கும். பெரியம்மை ‘குப்பை’ என்று இரண்டே எழுத்தில் முடித்துவிட்டாள்… சரி, மூன்று.

பிக்காசோகூட 1912-ல் பிரம்புப் பின்னல் அச்சிட்ட எண்ணெய்த் துணியைப் படத்தில் ஒட்டி, சட்டத்துக்குப் பதில் கயிற்றைச் சுற்றினார் என்று அவளிடம் சொன்னேன். “அவரு வீட்டுல ஏன்னு கேக்க ஆளு இல்லயாக்கும்” என்றாள்.

வருகிறவர்கள் எல்லாரும் ஏதாவது கண்டுபிடித்துவிடுகிறார்கள். மைனிக்கு மயில் தெரிந்தது. அவள் மகனுக்கு டைனோசர். ரிட்டயர்டு சர்வேயர் சித்தப்பாதான் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது எந்த சர்வே நம்பர்ல?”

“நம்பர்லாம் கிடையாது சித்தப்பா. அப்ஸ்ட்ராக்ட்.”

“நம்பர் இல்லாம எப்படில? புறம்போக்கா?”

என் கலையைப் பற்றி இதற்குமேல் ஒருவர் சொல்லிவிட முடியாது.

கே.சி.எஸ். பணிக்கர் 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசையைத் தொடங்கினார். ஜாதகம் மாதிரி கட்டங்கள், சூத்திரம் மாதிரி கிறுக்கல்கள், மலையாளம் மாதிரி எழுத்துகள். வாசிக்கப் போனால் ஒரு வார்த்தை சேராது. யாரும் வாசித்துவிடக் கூடாது என்று ஒரு மனிதர் இத்தனை பாடுபட்டது எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1966-ல் அவர் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைச் சென்னைக்குத் தெற்கே, கடலோரம் ஆரம்பித்தார். நல்லவேளை. அந்தப் படங்களை எங்களூரில் மாட்டியிருந்தால், ஏழில் செவ்வாய் இருக்கிறது, பரிகாரம் பண்ணாமல் பெண் கிடைக்காது என்று சொல்லியிருப்பார்கள்.

இவ்வளவு அர்த்தம் கேட்கிற ஊரில்தான் ஏடுகளுக்கு அந்தக் கதி நேர்ந்தது. பாண்டிய அரசர் ஒருவர் சேர்த்த ஓலைச்சுவடிகள் எங்களூர்ப் பால்வண்ணநாதர் கோயிலில் கிடக்கும் என்று நம்பி உ.வே.சாமிநாதையர் இங்கே வந்தார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டாகிவிட்டது, அதுதான் சாஸ்திரம் என்று பதில் கிடைத்தது. ‘என் சரித்திர’த்தில் எழுதி வைத்திருக்கிறார். இந்தப் பக்கத்துப் பஞ்சபூதத் தலங்களில் எங்களுடையது நெருப்பு. அது தன் பங்கை வாங்கிக்கொண்டது போல. ஏடு வாசிக்கத் தெரிந்தவர்கள் படித்திருக்கக்கூடிய ஏடுகள் அவை. நெய்யை ஊற்றும்போது இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் ஒட்டிய சாக்குக்கு மட்டும் விளக்கவுரை வேண்டுமாம்.

போன மாதம் மாடிச் சுவரைப் பூசக் கொத்தனார் அண்ணாச்சி வந்தார். படத்தைப் பார்த்தார். என்ன இது என்று கேட்கவில்லை. நகத்தால் ஓரத்தைச் சுரண்டி, “மண்ணு ஒண்ணுக்குப் பசை எத்தன?” என்றார். கீழே கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் கலவையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். எந்த ஓவியரும் என்னிடம் இவ்வளவு அக்கறையாகப் பேசியது கிடையாது.

“கரிசல் காய்ஞ்சா சுருங்கும். அதான் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணிய விட்டுக் குழைச்சுப் பாருங்க. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக்கு அதத்தான் ஊத்துவாவ.”

“வெடிக்கணும்னுதான் அண்ணாச்சி கரிசலப் போட்டேன்.”

அவர் என்னை ஒருதரம், படத்தை ஒருதரம் பார்த்தார்.

“வெடிக்கணும்னா பெறவு பெவிகால் என்னத்துக்கு?”