விடுப்பு விண்ணப்பம் யாருக்கு எழுதுவது?

அனுப்புநர்
பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் ஒரு தாய்,
சென்னை.

பெறுநர்
பதிப்பாசிரியர் குழு,
எழுத்துத் திறன் பயிற்சி நூல், மூன்றாம் வகுப்பு
(வீட்டுக்கல்விச் சிறப்புப் பதிப்பு).

பொருள்: நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நாங்களும் இந்த நாட்டில் இருக்கிறோம் என்று கண்டுகொண்டு, அட்டையில் தங்க எழுத்தில் 'வீட்டுக்கல்விச் சிறப்புப் பதிப்பு' என்று போட்டவர்கள் தாங்கள்தாம். அந்தத் தங்க எழுத்துக்காகப் பள்ளிப் பதிப்பைவிட 60 ரூபாய் கூடுதல். பரவாயில்லை, உள்ளேயும் ஒரு மாற்றம் செய்திருக்கிறீர்கள். 'வகுப்பாசிரியர் கையொப்பம்' என்ற கட்டத்தின் மேல் 'பெற்றோர் கையொப்பம்' என்று சீட்டு ஒட்டியிருக்கிறீர்கள். பாதிப் பக்கங்களில் பசை விட்டுப்போய்ப் பழைய வகுப்பாசிரியர் எட்டிப் பார்க்கிறார்.

முதல் பக்கத்தில் பள்ளியின் பெயர், வகுப்பு, பிரிவு ஆகியவற்றைக் கேட்டிருந்தீர்கள். என் மகள் முறையே 'அம்மா', 'ஹால்', 'ஜன்னல் பக்கம்' என்று நிரப்பினாள். நூல் முழுவதிலும் அவள் சொந்தமாக எழுத வாய்த்த பக்கம் அது ஒன்றுதான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

அடுத்துக் கோடிட்ட இடத்தை நிரப்புக. 'பசு நமக்கு ______ தரும்.' எங்கள் தெருப் பசு சுவரொட்டியைக் கிழித்துத் தின்னும்; குறுக்கே போனால் கொம்பை ஆட்டும். பிள்ளை 'பயம்' என்று எழுதினாள். விடைக்குறிப்பைப் புரட்டினேன். பால். தவறு போட்டு, தாங்கள் ஒட்டித் தந்த கட்டத்தில் கையொப்பமும் இட்டேன்.

'எனக்குப் பிடித்த விளையாட்டு' கட்டுரையில் தங்கள் அக்கறை இன்னும் ஒரு படி மேல். எது பிடிக்கும் என்று பிள்ளை யோசித்துச் சிரமப்படக் கூடாதென்று, கபடிதான் பிடிக்கும் என்று தாங்களே முடிவு செய்து, முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் எழுதி, 'இதைப் பார்த்து அழகாக எழுதுக' என்று இரட்டைக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டீர்கள். கையெழுத்துப் பயிற்சி நல்லதுதான். விரலுக்கு அது வேண்டும். அதற்கு எழுத்துத் திறன் என்று பெயர் சூட்டித் தனி விலை வைக்கலாம் என்பது எங்களுக்குத் தோன்றாமல் போயிற்று.

நூலின் சிகரம் விடுப்பு விண்ணப்பம். காய்ச்சல் காரணமாக இரண்டு நாள் விடுப்புக் கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுத வேண்டுமாம். தலைமையாசிரியர் அடுப்படியில் நிற்கிறார், காய்ச்சலும் அவருக்குத்தான். ஆகவே அவள் அப்பாவுக்கு எழுதினாள்: அம்மா படுத்துவிட்டாள், இன்று பாடம் கிடையாது, வரும்போது பன் வாங்கி வரவும், எனக்கும் ஒன்று. பெறுநர் உண்டு, காரணம் உண்டு, கோரிக்கை உண்டு. பன்னும் வந்து சேர்ந்தது. விடைக்குறிப்போடு ஒப்பிட்டால் மதிப்பெண் பூஜ்யம்.

தங்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் தொலைபேசியில் கேட்டேன். "மேடம், பிள்ளைங்க இஷ்டத்துக்கு எழுதினா யாரு உக்காந்து திருத்துறது?" என்றார். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர். தொடக்க வகுப்பில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் கணக்கு. முப்பது நோட்டையும் வரிவரியாகப் படிக்க ஆசிரியருக்கு நேரம் ஏது? ஒற்றைச் சொல் விடை அவருக்கு உயிர்காக்கும் ஏற்பாடு. அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒருவர் பலருக்குப் பாடம் சொல்லும் வித்தையில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்தைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையை அமைத்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் நூல் வெளியிட்டார். அதற்கு 'மதராஸ் முறை' என்றே பெயர். கூட்டத்தைச் சமாளிக்கும் வித்தையை ஒற்றைப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு விற்றவர்கள் தாங்கள் மட்டுமே. எழுதியதைப் படிக்க ஆள் உண்டு என்பதுதான் எங்கள் வீட்டுப் பள்ளியின் ஒரே சொத்து; அதைத்தான் சீட்டு ஒட்டி மூடியிருக்கிறீர்கள்.

தேர்வு என்று பயமுறுத்த வேண்டாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது ஆக வேண்டும், இவளுக்கு எட்டு. வீட்டுக்கல்விக்காரர்கள் இன்றும் புரட்டும் நூல்களை எழுதிய சார்லட் மேசன், பத்து வயதுவரை பிள்ளை படித்ததை வாயால் சொன்னால் போதும் என்று கருதியவர். அதன்படி தங்கள் 'படம் பார்த்துக் கதை எழுதுக' பக்கத்தை இவளிடம் வாயால் சொல்லச் சொன்னேன். தேர்தல் சுவரொட்டி தின்ற பசு கடைசியில் வேட்பாளரானது வரை சொன்னாள். அவள் சொன்னதை எழுத எழுத எனக்குக் கை வலித்தது. தாங்கள் விட்டிருந்தது நான்கு வரி. அதில் ஒரு வரியைக் குறிப்புச் சொற்களே அடைத்துக்கொண்டிருந்தன.

அடுத்த பதிப்பில் விடைக்குறிப்புப் பக்கங்களை வெறும் கோடு போட்ட தாளாக விட்டுவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அச்சு மையும் மிச்சம். முடியாதென்றால், முனைக் கடையில் இரட்டைக் கோடு நோட்டு கிடைக்கிறது. அதில் பசுவுக்கு வேண்டிய இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெற்றோர் கையொப்பம் (சீட்டு ஒட்டப்பட்டது).

நகல்: இந்த மாதம் பயிற்சி நூல் வாங்கப் போகும் பெற்றோருக்கு. அட்டையைப் பார்க்காதீர்கள். கடையிலேயே நடுப்பக்கத்தைப் பிரித்து, பிள்ளை எழுத எத்தனை வரி விட்டிருக்கிறார்கள் என்று எண்ணிவிட்டுப் பணத்தை எடுங்கள்.