நடமாடும் கற்கள்

சர்வே கல்லுக்குக் கால் கிடையாது. ஆனாலும் வரப்பு வெட்டும் நாட்களில் அது பக்கத்து நிலத்துக்குள் ஒரு முழம் நகர்ந்துவிடுகிறது. சில கற்கள் கிணற்றடியில் துணி துவைக்கும் கல்லாகப் பதவி உயர்வும் பெறுகின்றன. தமிழ்நாட்டின் 1923ஆம் ஆண்டு சர்வே, எல்லைச் சட்டம் கல்லைப் பராமரிக்கும் பொறுப்பை நில உடைமையாளரிடமே விட்டிருக்கிறது. பாலுக்குப் பூனை காவல். நிலம் வாங்கப் போனால், “பட்டாவில்தான் பரப்பு இருக்கிறதே, கல் எதற்கு?” என்பார் தரகர். பட்டா எவ்வளவு என்று சொல்லும், மண்ணில் எங்கே என்று காட்டாது. கைபேசி ஜிபிஎஸ் காட்டுமே என்றால், அது சில மீட்டர் தவறும். மதில் சண்டையோ அரை அடிக்கு. ஆகவே புலப்பட நகலோடு தாலுகா சர்வேயர் வந்து, அண்டை நிலத்தார் முன்னிலையில் அளந்து முடிக்கும்வரை அட்வான்ஸ் பையிலேயே இருக்கட்டும். அதற்குள் தரகர் வெள்ளையடித்த கல் நான்கைக் காட்டினால், பெயிண்ட் விரலில் ஒட்டுகிறதா என்று தொட்டுப் பார்க்கலாம்.