கூவிய குற்றம்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் உரித்துத் தொங்கும் கோழியால் யாருக்கும் தொந்தரவில்லை. உயிரோடு திரிந்து, அதுவும் விடியுமுன் கூவினால்தான் வம்பு.

2017 தொடக்கத்தில் சின் மிங் அவென்யூ புளோக்குகளைச் சுற்றி மேய்ந்தவற்றுக்கு அதுதான் நேர்ந்தது. சத்தம் தாங்கவில்லை என்று சுமார் 20 புகார். 24 கோழிகளுக்குக் ‘கருணைக்கொலை’. வேறெங்காவது கொண்டுபோய் விடக்கூடாதா என்று கேட்டால், தீவில் இடமில்லை என்றார்கள் அதிகாரிகள். பிறகு பறவைக் காய்ச்சல் அபாயமும் காரணங்களோடு வந்து ஒட்டிக்கொண்டது. இந்த மண்ணுக்கே உரிய காட்டுக்கோழியின் சாயல் அவற்றில் இருக்கிறதே என்று சிலர் வாதாடிப் பார்த்தார்கள். (சாயல் இருந்தென்ன, அடையாள அட்டை இல்லையே!)

சரி, நாமே வளர்க்கலாமா? வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் கூடாது. தரைவீட்டுக்காரர் 10 வரை வைத்துக்கொள்ளலாம். கோழிக்கும் முகவரி பார்த்துத்தான் மரியாதை.

2022 ஜூனில் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும், சிக்கன் ரைஸ் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஊரே பதறியது. அந்த வாரம் கீழ்த்தளத்தில் ஒரு சேவல் கூவியிருந்தால் யாரும் போன் போட்டுப் புகார் சொல்லியிருக்க மாட்டார்கள். சட்டியோடு இறங்கியிருப்பார்கள்.