வழி மாறிய விமானம்

சென்னையிலிருந்து நேராகப் போகும் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட், ஒரு மாலை மின்னஞ்சலில் ஹைதராபாத் பக்கம் திரும்பிக்கொள்கிறது. நடுவில் நான்கு மணி நேரக் காத்திருப்பு. காரணம், நமது வசதியாம்! இதையே டவுன் பஸ் நடத்துநர் சொல்லியிருந்தால் பஸ் அங்கேயே நின்றிருக்கும்.

மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் விமானக் கால அட்டவணை மாறும். தீபாவளியோ சில ஆண்டுகளில் அந்த அக்டோபர் ஞாயிறை ஒட்டி வந்து நிற்கும். முன்கூட்டியே பதிவு செய்த புத்திசாலிகளுக்கு முதல் அடி.

நாம் தேதியை மாற்றினால் பெரும்பாலும் கட்டணம், அதற்கு மேல் விலை வித்தியாசம். விமானக் கம்பெனி மாற்றினால் இரண்டு வரிக் கடிதம். விமானத்தை ரத்து செய்வதை இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால், மாற்று விமானமோ முழுப் பணமோ தந்தால் போதும், இழப்பீடு வேண்டாம் என்கிறது இந்திய விதி. ஐரோப்பாவிலும் அதே 14 நாள்தான். கம்பெனிகளுக்கு நாள் எண்ணத் தெரியாதா என்ன?

இணைப்பு விமானத்தைத் தனி டிக்கெட்டாக வாங்கியவர் நிலைமை இன்னும் விசேஷம். முதல் விமானம் தாமதமானதால் இரண்டாவதைத் தவறவிட்டால், இரு கம்பெனிகளும் அவரை அடையாளம் தெரியாதவர்போலப் பார்க்கும்.

ஆகவே, மின்னஞ்சலில் பளபளக்கும் 'ஏற்கிறேன்' பொத்தானை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.